நாய்க்கும் ஒரு டிக்கெட்

மதுரையிலிருந்து ராமேசுவரம் போவதற்கு மனிதனுக்கு ஒரு டிக்கெட் போதும். நாய் வளர்க்கிற மனிதனுக்கு மட்டும் ஒரு வீட்டையே விலைக்கு வாங்கி, சக்கரத்தின் மேல் ஏற்றி, கூடவே ஓட்டிக்கொண்டு போனால்தான் ஆகும் என்ற நிலைமை வந்திருக்கிறது. இதை நாகரிகத்தின் வளர்ச்சி என்று சிலர் கொண்டாடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லாருக்கும் பொதுவில் கிடைக்க வேண்டிய ஒன்று கிடைக்காதபோது, பணம் உள்ளவன் அதைத் தனக்கு மட்டும் வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறான். பணம் இல்லாதவன் வாயை மூடிக்கொண்டு வீட்டில் கிடக்கிறான். நம் ஊரில் குடிதண்ணீருக்கு நடந்தது இதுதான். பள்ளிக்கூடத்துக்கு நடந்ததும் இதுதான். இப்போது நாயின் முறை.

விளாங்குடியில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் இரண்டு நாய்கள். ஒன்று வெள்ளை வெளேரென்ற ராஜபாளையம்; மற்றது மழையில் நனைந்துகொண்டு வாசலில் வந்து ஒண்டி, அப்படியே குடும்பத்தில் சேர்ந்துவிட்ட நாட்டு நாய். எட்டு வருஷமாக அந்த வீட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து எந்த ஊருக்கும் போனதில்லை. ஒருவர் போனால் மற்றவர் காவல். பெரும்பாலும் காவல் இருப்பது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம் வீடுகளின் வழக்கம் உங்களுக்கே தெரியும். தம்பி மகளின் கல்யாணத்தைக்கூட அந்த அம்மாள் செல்பேசியில்தான் பார்த்தார்.

இந்தப் பெரியவர் ஒருநாள் என்னிடம், "கேரவன் ஒன்று வாங்கிவிடலாம் என்றிருக்கிறேன், சார். நாய்களையும் ஏற்றிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் ஊர் ஊராகப் போய் வரலாம். வாங்கலாமா, சொல்லுங்கள்" என்று கேட்டார். நம் ஊரில் கேரவன் என்றால் சினிமாப் படப்பிடிப்பில் நட்சத்திரங்கள் இளைப்பாறுகிற வண்டி என்றுதான் எல்லாரும் அறிவார்கள். அதை ஒரு பென்ஷன்காரர் தம் நாய்களுக்காக வாங்க நினைக்கிறார் என்றால், வேறு வழிகளையெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கதவுக்கு வந்திருக்கிறார் என்று அர்த்தம். அவருக்கு நான் சொன்னதையும், சொல்லாமல் மனத்தில் வைத்துக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். இந்தக் கேள்வி இப்போது பல வீடுகளில் கேட்கிறது.

முதலில் அந்த வண்டியின் பூர்வோத்தரத்தைப் பார்ப்போம். கேரவன் என்பது பாரசீகத்திலிருந்து வந்த சொல். பாலைவனத்தில் ஒட்டகங்களோடு கூட்டமாகச் செல்லும் வர்த்தகர்களுக்கு அந்தப் பெயர். பிற்பாடு ஐரோப்பாவில் அது சக்கரம் வைத்த வீட்டுக்குப் பெயராகச் சுருங்கியது. உல்லாசப் பிரயாணத்துக்கென்றே அப்படி ஒரு வண்டியைச் செய்வித்த முதல் ஆள் என்று பெயர் பெற்றவர், ஒரு நாவலாசிரியர்! வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். கப்பற்படையில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்று, சிறுவர்களுக்குச் சாகசக் கதைகளும் நாய் வளர்ப்பைப் பற்றிப் புத்தகங்களும் எழுதிக் குவித்தவர். 1885ஆம் ஆண்டு பிரிஸ்டல் நகரத்துப் பட்டறை ஒன்றில் அவர் செய்து வாங்கிய வண்டிக்கு, நாடோடி என்று பொருள்படும் 'வாண்டரர்' என்ற பெயரை வைத்தார். ஏறக்குறைய இரண்டு டன் எடை. இரண்டு குதிரைகள் இழுத்தன. அந்தக் கோடையில் இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து ஸ்காட்லாந்தின் வடக்கே இன்வர்னெஸ் வரைக்கும் போனார். கூடப் போனவர்களில் ஒருவன் வண்டிக்காரன், ஒருவன் வேலையாள், இன்னொருவன் 'ஹரிக்கேன் பாப்' என்ற நியூஃபவுண்ட்லாந்து நாய். நாவலாசிரியர்கள் உலகத்துக்குச் செய்த நல்ல காரியங்களின் பட்டியல் சிறியது. இதையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆகவே கேரவனும் நாயும் பிறந்தபோதே சேர்ந்து பிறந்தவை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்டேபிள்ஸ் அந்த வண்டியை வாங்கியது ஆசைக்காக. போகிற வழியில் ஊரும் வயலும் பார்க்க வேண்டும் என்ற ஆசை. நம் விளாங்குடிப் பெரியவர் வாங்க நினைப்பது கதியில்லாமல். ஸ்டேபிள்ஸின் தேசத்தில் இன்று ரயில் பிரயாணி ஒருவர் இரண்டு நாய்கள் வரைக்கும் கட்டணம் இல்லாமல் கூட அழைத்துப் போகலாம். வாரில் கட்டியிருக்க வேண்டும், பிறருக்குத் தொல்லை தரக் கூடாது, அவ்வளவுதான். சுவிட்சர்லாந்தில் பெரிய நாய்க்கு அரை டிக்கெட். அரை டிக்கெட் என்ற சொல்லில் எவ்வளவு பெரிய மரியாதை இருக்கிறது, பாருங்கள்! டிக்கெட் எடுத்த நாயைச் சரக்கு என்று யாரும் சொல்ல முடியாது. அது பிரயாணி.

நம் ரயில்வேயின் விதி என்ன? நாயைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டுமானால் முதல் வகுப்பில் இருவர் அறையையோ நால்வர் அறையையோ முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டும். குளிர்சாதன இரண்டடுக்கு, மூன்றடுக்கு, சேர் கார், சாதாரணப் படுக்கை வகுப்பு, இரண்டாம் வகுப்பு எதிலும் நாய் ஏறலாகாது. கூடையில் அடங்குகிற குட்டிக்கு மட்டும் விலக்கு உண்டு. குட்டி வளர்ந்துவிட்டால் குற்றவாளி! அதற்குக் கார்டு இருக்கிற பெட்டியில் 'நாய்ப் பெட்டி' என்று ஓர் இரும்புக் கூண்டு. வழியில் சோறும் தண்ணீரும் கொடுப்பது உடையவன் பொறுப்பு. அதாவது, வண்டி நிற்கிற இரண்டு நிமிஷத்தில் நடுப் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டிவரைக்கும் தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஊதல் கேட்டதும் திரும்பி ஓடிவர வேண்டும். கார்டு என்ற பெயரை 2022இல் 'ரயில் மேலாளர்' என்று மாற்றினார்கள். அவர் அறைக்குப் பக்கத்திலுள்ள கூண்டுக்குப் பெயரும் மாறவில்லை, குணமும் மாறவில்லை.

முதல் வகுப்பில் அறை எடுத்துப் போகலாமே என்பீர்கள். சென்னைக்கு இரவில் போகும் பாண்டியன் எக்ஸ்பிரஸில் அது உண்டு. பகலில் ஓடும் வைகை எக்ஸ்பிரஸில் கிடையாது. ராமேசுவரம் பாசஞ்சரில் முதல் வகுப்புக்கு எங்கே போவது? 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் பாம்பனில் புதிய பாலத்தைத் திறந்தார்கள். கப்பல் வந்தால் நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும்பி வழி விடுகிறது. கடலின் நடுவே இரும்புப் பாலத்தை அந்தரத்தில் தூக்கிக் காட்டத் தெரிந்த தேசத்துக்கு, ஒரு நாயை ஒரு பெட்டியின் மூலையில் உட்காரவைக்க வழி தெரியவில்லை என்றால் நம்பும்படியாகவா இருக்கிறது?

இந்த இடத்தில்தான் கேரவன் வியாபாரம் நுழைகிறது. 'எங்கும் கெஞ்ச வேண்டாம், உங்கள் வீடு உங்களோடு' என்கிற ஆசை வார்த்தை நம் பெரியவரின் புண்பட்ட மனத்தில் தைலம் தடவுகிறது. தைலம் காய்ந்த பிறகு என்ன மிஞ்சும் என்று பார்ப்போம்.

மேல்நாட்டில் கேரவன் என்றால் பெரும்பாலும் காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுக்கிற வண்டி. முதல்முறை வாங்குகிறவர்களுக்கு அங்குள்ள சங்கங்கள் சொல்லும் பாலபாடம் ஒன்று உண்டு. சாமான் ஏற்றிய கேரவனின் எடை, இழுக்கும் காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால், லாரி ஒன்று பக்கத்தில் விரைந்து போகும் காற்றிலேயே பின்வண்டி பாம்பு போல நெளியத் தொடங்கி, முன்னால் போகும் காரையும் சேர்த்துப் புரட்டிவிடும். நம் தெருக்களில் நிற்கும் சிறிய கார்களில் பல ஒரு டன்னுக்கும் குறைவான எடை உள்ளவை. அந்தக் கணக்குப்படி அவை 850 கிலோவுக்கு உட்பட்ட வண்டியைத்தான் இழுக்கலாம். அதில் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடக்கம். நாய்கள் அந்தப் பின்வண்டியில் போகலாமா என்றால், கூடாது. ஓடுகிற கேரவனுக்குள் மனிதர் இருப்பதை அங்கே சட்டம் தடுக்கிறது. நாயையும் காரில்தான் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நாய்க்காக வாங்கிய வீட்டில் நாய்க்குப் பிரயாணம் செய்ய இடமில்லை!

நம் தேசத்தில் கிடைப்பது பெரும்பாலும் வேனுக்குள்ளேயே வீட்டைக் கட்டிக் கொடுக்கிற வகை. அதைக் கண்ட பட்டறையில் கட்டிக்கொள்ள முடியாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டி தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அந்த அமைப்பை அனுமதியில்லாமல் மாற்றக் கூடாது என்கிறது. 2019ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. முறைப்படி அங்கீகாரம் பெற்ற கேரவனை வாங்கினால் பல லட்சங்கள். வாழ்நாளெல்லாம் உழைத்துச் சேர்த்த சேமநிதி அப்படியே நாலு சக்கரத்தின் மேல் ஏறிவிடும். வருஷத்தில் இருபது நாள் ஓடும். மற்ற நாளெல்லாம் தெருவில் நின்று வெயிலைக் குடிக்கும்.

வெயில் என்றதும்தான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மதுரைக் கோடையில் வண்டி ராமேசுவரம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவனும் மனைவியும் அக்கினி தீர்த்தத்தில் முழுகிவிட்டுக் கோயிலுக்குள் போக வேண்டும். நாய்கள் எங்கே இருக்கும்? வண்டிக்குள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சிரைத்துத்தான் அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. சுற்றியுள்ள காற்றே கொதிக்கும்போது அந்த உபாயம் பலிக்காது. வெளியே 38 டிகிரி என்றால், அடைத்து நிறுத்திய வண்டிக்குள் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே 50 டிகிரியைத் தாண்டிவிடும். குளிர்சாதனம் இருக்கிறதே என்றால், அதற்கு இஞ்சின் ஓட வேண்டும், அல்லது கரண்டு இணைப்பு வேண்டும். கோயில் வாசலில் யார் கரண்டு கொடுப்பார்கள்? இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி முடித்து வருவதற்குள் வீடு அடுப்பாகிவிடும். ஆக, பல லட்சம் செலவழித்த பிறகும் ஒருவர் உள்ளே போக, ஒருவர் வண்டியில் காவல்! விளாங்குடியில் காவல் இருந்த அம்மாள் இப்போது ராமேசுவரத்தில் காவல் இருப்பார். இதற்குத்தானா இத்தனை ஏற்பாடு?

பக்கத்து ராஜ்யமான கேரளத்தில் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். வண்டிக்குள் இருக்க வேண்டியவை என்று அவர்கள் சொன்ன பட்டியலைப் படித்துப் பார்த்தேன். படுக்கையாக விரியும் சோபா, குளிர்பதனப் பெட்டி, மைக்ரோவேவ் அடுப்பு, சாப்பாட்டு மேஜை, கழிப்பறை, குளிர்சாதனம், இண்டர்நெட் எல்லாம் இருக்கின்றன. முதல் நூறு வண்டிகளுக்கு ஏழரை லட்சம் ரூபாய் வரையில் சர்க்கார் மானியமும் உண்டு என்று அறிவித்தார்கள். சுற்றுலாத் தொழில் பிழைக்கட்டும். எனக்கு அதில் பொறாமை இல்லை. ஆனால் ஒரு வண்டிக்கு ஏழரை லட்சம் எடுத்துக் கொடுக்க முடிகிற நாட்டில், ரயில் பெட்டியின் ஒரு மூலையில் தண்ணீர்க் குழாயோடு நாலு சதுர கெஜம் இடம் ஒதுக்கப் பணமில்லை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

'நாயைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றுவது மேல்நாட்டு மோகம், நமக்கு அது வழக்கமா?' என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்குப் பதில் சொல்ல நான் மேல்நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. வைகைக் கரைக்குப் போனால் போதும். சித்திரைப் பௌர்ணமிக்கு அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கக் கிராமத்துச் சம்சாரிகள் கூண்டு வண்டி கட்டிக்கொண்டுதான் வந்தார்கள். வண்டியிலே அரிசி, பருப்பு, பாத்திரம், பாய், பிள்ளை குட்டி. ராத்திரி ஆற்று மணலில் வண்டியை அவிழ்த்துவிட்டு, அதன் நிழலிலேயே பொங்கித் தின்று, அதன் கீழேயே படுத்தார்கள். அது கேரவன் இல்லாமல் வேறென்ன? வண்டியின் அச்சுக்குக் கீழே, நிழல் பார்த்து ஒரு நாய் ஓடி வரும். 'வண்டிக்குக் கீழே போகிற நாய், தானே வண்டியை இழுப்பதாக நினைத்துக்கொண்டதாம்' என்று பழமொழி சொல்லி இன்றைக்கும் சிரிக்கிறோம். அந்தப் பழமொழி பிறக்க வேண்டுமானால், வண்டி போன இடமெல்லாம் நாயும் போயிருக்க வேண்டும் அல்லவா? நாயின் அகந்தையைக் கேலி செய்தவர்கள் அதன் நிழலைப் பிடுங்கவில்லை. நிழலைப் பிடுங்கியது நாம்.

பழைய காலத்துத் தர்மங்கள் முப்பத்திரண்டு என்று கணக்கிட்டார்கள். தண்ணீர்ப் பந்தல், சோலை, மடம் எல்லாம் அதில் உண்டு. விலங்குக்கு உணவு என்று தனியாக ஒரு தர்மம் உண்டு. ஆவுரிஞ்சு தறி என்று இன்னொன்று. பசுவுக்கு முதுகில் தினவு எடுத்தால் உராய்ந்துகொள்ள ஒரு கல்லை நட்டு வைப்பதை, சத்திரம் கட்டுவதற்குச் சமமாக வரிசையில் வைத்தவர்கள் நம் முன்னோர்கள். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சிக்கு வந்த ஓர் அரசி, வழிப்போக்கனுக்குச் சாலையும் சத்திரமும் கடமை என்று நினைத்தாள். வழிப்போக்கன் தன் வண்டியையும் மாட்டையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வரட்டும் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள்.

எதிர்க்கட்சியின் வாதங்களையும் கேட்போம். 'மனிதனுக்கே ரயிலில் இடமில்லை. நாய்க்கு இடம் கேட்கிறாயா?' என்பது முதல் வாதம். முன்பதிவில்லாத பெட்டியில் ஒற்றைக் காலில் நின்று வருகிறவன் இதைக் கேட்டால் அவன் காலில் விழுவேன். ஆனால் அவனுக்கு இடம் கொடுக்காமல் இருப்பது நாய் அல்ல. இன்றைக்கு எந்த நாயும் அந்தப் பெட்டியில் ஏறுவதில்லை. அவன் நின்றுகொண்டுதான் வருகிறான். இரண்டு பேரையும் வெளியே நிறுத்தியது ஒரே கைதான்.

'நாய் என்றால் பயம். வெறிநாய்க்கடி சாதாரண விஷயமா?' என்பது இரண்டாவது வாதம். இது நியாயமான வாதம். உலகத்தில் இந்த நோயால் சாகிறவர்களில் மூன்றில் ஒருவருக்குக் குறையாமல் இந்தியர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பயப்படுகிறவனைப் பரிகாசம் செய்ய எனக்கு உரிமை கிடையாது. அதனால்தான் நாயை எல்லாப் பெட்டியிலும் ஏற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. தடுப்பூசிச் சான்று இல்லாத நாய்க்கு டிக்கெட் கொடுக்க வேண்டாம். வாயில் மூடி, கழுத்தில் வார், இரண்டும் கட்டாயம் என்று வையுங்கள். கட்டாயம் என்று வந்தால்தான் ஊசியே போடாத வீட்டுக்காரனும் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பான்.

விலக்க வேண்டிய இடங்களில் நாயை விலக்கத்தான் வேண்டும். வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வளர்ப்பு நாய்க்கு வேலையில்லை. 2018ஆம் ஆண்டு குஜராத்தில் கிர் காட்டுச் சிங்கங்கள் இருபதுக்கு மேல் மாண்டபோது, அவற்றில் சிலவற்றின் உடலில் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது தெரியவந்தது. காட்டுக்கு ஒரு நியாயம் உண்டு. கோயிலுக்கு ஒரு மரபு உண்டு. ரயிலின் கடைசிப் பெட்டிக்கும் சர்க்கார் விடுதிக்கும் என்ன மரபு?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2025 ஆகஸ்டில் டில்லித் தெருநாய்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் 11ஆம் தேதி ஓர் உத்தரவு போட்டது. 22ஆம் தேதி அதை மாற்றி இன்னோர் உத்தரவு போட்டது. தேசமே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது. தெருநாய் எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர்கள், அவற்றில் ஒரு பங்கு வீட்டு வாசலிலிருந்து வருகிறது என்பதை மறந்துவிட்டார்கள். மாற்றல் உத்தரவு வந்த குமாஸ்தா, தஞ்சாவூருக்கு நாயை எப்படிக் கொண்டுபோவது என்று தெரியாமல், கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு லாரியில் ஏறிவிடுகிறான். லாரிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடிய நாய் அன்று சாயங்காலத்திலிருந்து தெருநாய். நாய்க்கு ஒரு டிக்கெட் என்பது பணக்காரன் உல்லாசத்துக்கான கோரிக்கை என்று நினைக்கிறவர்கள் அந்த லாரியை ஒருதரம் நினைத்துப் பார்க்கட்டும். பணக்காரனுக்கு முதல் வகுப்பு இருக்கிறது, கேரவனும் இருக்கிறது. இந்த டிக்கெட் வேண்டியிருப்பது குமாஸ்தாவுக்குத்தான்.

ஆகவே நான் பெரியவரிடம் சொன்னது இது. ஊர் சுற்றும் ஆசைக்காக வாங்குவதானால், முதலில் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து, நாய்களோடு மார்கழியில் போய்ப் பாருங்கள், சித்திரையில் வேண்டாம். வேறு வழியில்லையே என்பதற்காக வாங்குவதானால், வாங்காதீர்கள். நீங்கள் வாங்கி ஒதுங்கிவிட்டால் கேட்கிறவர்களில் ஒருவர் குறைந்துபோவார். தண்ணீர்க் கேன் வாங்கத் தொடங்கிய நாளிலிருந்து நாம் தெருக்குழாயைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டோம். கேரவன் வாங்கிய மறுநாள் நீங்களும் நாய்ப் பெட்டியை மறந்துவிடுவீர்கள்.

கேட்க வேண்டியது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. சரக்கும் கார்டும் இருக்கிற கடைசிப் பெட்டியிலேயே, நாயும் உடையவரும் சேர்ந்து உட்காரும்படி நாலைந்து ஆசனம், அரை டிக்கெட், ஊசிச் சான்று. இதை மதுரைக் கோட்டத்தில் ஓடுகிற ஒரே ஒரு வண்டியில் ஒரு வருஷம் நடத்திப் பார்க்கட்டும். மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தும் தமிழ்நாடு ஓட்டல்களில், தரைத்தளத்தில் இரண்டு அறைகளை நாயோடு வருகிறவர்களுக்கு என்று வைக்கட்டும். கூடுதல் வாடகையும் வாங்கிக்கொள்ளட்டும். மதுரை, பழனி, ராமேசுவரம் போன்ற க்ஷேத்திரங்களில் கால்நடை ஆஸ்பத்திரியை ஒட்டி, கோயிலுக்குப் போய் வரும்வரை நாயை விட்டுச் செல்ல நிழலும் தண்ணீருமாக ஓர் இடம் இருக்கட்டும். மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கட்டும். செருப்புக்குக் காவல் வைத்துக் காசு வாங்கத் தெரிந்த ஊர்களுக்கு இது ஒரு பெரிய வித்தையா?

மனுவில் கையெழுத்துப் போட விளாங்குடியில் மட்டும் எத்தனை வீடு தேறும் என்று பார்க்கலாம். எந்தெந்த வாசலில் நாய் குரைக்கிறதோ, அந்தந்த வாசலில் ஒரு கையெழுத்து.